வீட்டுச் சர்வருக்கு எந்தப் பெட்டி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்கள், லினக்ஸ் போட்டு வீட்டுச் சர்வர் ஆக்குங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். வீட்டுச் சர்வர் என்றால் எந்நேரமும் ஓடி, வீட்டுக் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கருவிகளுக்கும் கொடுக்கிற பெட்டி.) வினை அதோடு தொடங்கியது. கடிதத்திலும் வைபரிலும் வந்த கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். திருகோணமலைக் கேள்விகளை முதலில் எடுத்திருக்கிறேன், நானும் இதே ஊரில் இதே உப்புக்காற்றில் ஒரு பெட்டியை வைத்து அவதிப்படுகிறவன் என்பதால் இந்தச் சலுகை.

கேள்வி (உப்புவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்): அண்ணை, எங்களுக்கு ஐந்து அறை உள்ள சின்ன விடுதி. நாலு கேமராவின் பதிவு, பத்து வருஷத்துக் குடும்பப் படங்கள், பிறகு டிவியில் பார்க்கிற சினிமாக்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க லினக்ஸ் சர்வர் போட யோசிக்கிறேன். தெரிந்த கடையில் கம்பனி ஒன்று கழித்துவிட்ட ராக் சர்வர் (தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கிற பெரிய பெட்டி) கிடக்கிறது. இரண்டு சிபியு, 64 ஜிபி ரேம், விலை ஒரு நல்ல போனைவிடக் குறைவு. எடுக்கவா?

பதில்: வேண்டாம். லினக்ஸ் அதில் ஓடாதா என்றால், தாராளமாக ஓடும், இன்று லினக்ஸ் அதிகம் குடியிருக்கும் வீடே அந்த மாதிரிப் பெட்டிகள்தான். இடிக்கிறது கரண்ட் பில். இரண்டு சிபியு உள்ள பழைய ராக் சர்வர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பலது அதைவிடக் கூடவும் இழுக்கும். 120 வாட், நாளுக்கு 24 மணித்தியாலம், மாதம் 30 நாள், கணக்குப் போட்டால் 86 யூனிட். வீட்டு மீட்டரில் 60, 90, 120, 180 என்று படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறும், மாதா மாதம் கட்டுகிற நிலையான கட்டணமும் ஏறும், ஆக இந்த 86 யூனிட் உங்கள் மற்றப் பாவனையையும் சேர்த்து மேல் படிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். விடுதிக்கு வேறு கட்டண வகை இருந்தாலும் 86 யூனிட் 86 யூனிட்தான். அப்புறம் அதன் ஃபேன் சத்தம் இருக்கிறதே, உப்புவெளிக்கு அலைச் சத்தம் கேட்க வருகிற வெள்ளைக்காரருக்கு நீங்கள் வேறு விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

அதற்குப் பதில் கந்தோர்களில் பாவித்துக் கழித்த சின்ன டெஸ்க்டொப் ஒன்றைத் தேடுங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர், எதுவானாலும் சரி. இப்போது இவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்காது. ஆகவே 6ஆம், 7ஆம் தலைமுறைப் பெட்டிகளைக் கந்தோர்கள் கும்பல் கும்பலாகக் கழிக்கின்றன. லினக்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இரண்டில் நான் 7ஐத்தான் எடுப்பேன். டிவிக்குச் சினிமா அனுப்பும்போது 10 பிட் எச்இவிசி கோப்பை (புதுச் சினிமாக்கள் பல சுருக்கி வருகிற வடிவம் அது) சிபியுவின் உள்ளே இருக்கும் வீடியோப் பகுதியே முழுசாகப் பிரித்துக் கொடுப்பது 7இலிருந்துதான். 6இல் அது 8 பிட்டோடு நின்றுவிடும், மிச்சத்தைச் சிபியு மூச்சிரைக்கச் செய்ய வேண்டும்.

அளவு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கையளவு மினிப் பெட்டி 10 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும், மாதம் 7 யூனிட், ஆசையாக இருக்கும். ஆனால் அதற்குள் பெரிய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் போகாது. கேமராப் பதிவுக்கு அந்தப் பெரிய டிஸ்க்தான் வேண்டும். எனவே உங்களுக்கு அடுத்த அளவு, கடைக்காரர் எஸ்எஃப்எஃப் என்பாரே, மெலிந்த சூட்கேஸ் மாதிரி, அது சரிவரும். டிஸ்க்கையும் சேர்த்து 25 வாட் என்று வைத்தால் மாதம் 18 யூனிட். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கம்பனிப் பெட்டிகளில் பல, பவர் சப்ளையைத் தங்களுக்கென்றே வேறு வடிவத்தில், வேறு பின்னோடு செய்திருக்கும், எரிந்தால் சந்தைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. டெல் மினிகளில் இன்னொரு கூத்து: அடாப்டர் தன்னுடையது இல்லை என்று கண்டுகொண்டால் பெட்டி சிபியு வேகத்தைக் குறைத்து ஆமை போல ஓடும், ஆள் லினக்ஸைத் திட்டிக்கொண்டு இருப்பார். பெட்டியோடு வந்த அடாப்டரையே கேட்டு வாங்குங்கள்.

இனி முக்கியமான சங்கதி. வாங்கப் போகும்போது காசோடு ஒரு பென் டிரைவும் கொண்டு போங்கள். 8 ஜிபி போதும். அதில் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றின் லைவ் பதிப்பை ஏற்றி வைத்திருங்கள், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற பதிப்பு அது. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஓடத் தொடங்கியதும் டெர்மினல் என்கிற கட்டளை அடிக்கும் சாளரத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் கே எழுத்தும் போடுங்கள். பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு சில்லின் பெயரும் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் கீழும் எந்த டிரைவர் (சில்லை ஓட்டுகிற மென்பொருள்) அதைப் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி வரும். நெட்வேர்க் சில்லுக்குக் கீழே அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இன்டெல் ஐ219 என்றால் இ1000இ, ரியல்டெக் 8111 அல்லது 8168 என்றால் ஆர்8169 என்று இருக்கும். இரண்டும் லினக்ஸின் மையமான கேர்னலிலேயே இருக்கிற டிரைவர்கள், நீங்கள் எதையும் தேடிப் போகத் தேவையில்லை. வரியே இல்லாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்குவதென்றால் இன்னும் அவசியம், இரவு ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே திறந்து பார்த்து அழுவதைவிட அங்கேயே பத்து நிமிஷம் நிற்பது மேல்.

நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் மூடியைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். நம் ஊர்க் கடற்கரையோரம் பாவித்த பெட்டி என்றால் ரேமின் தங்கநிறப் பற்கள் கருத்திருக்கும், திருகாணித் தலையில் துரு இருக்கும். பற்கள் கருத்தது பெரிய குற்றம் இல்லை. வெள்ளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு மாட்டினால் சரி, செத்தது என்று எனக்குச் சும்மா கொடுத்த ஒரு பெட்டியை அப்படித்தான் எழுப்பினேன். ஆனால் மதர்போட்டில் பச்சை பூத்திருந்தால் மூடியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பட்டன் பற்றரி. மதர்போட்டில் ஒரு ரூபாய்க் குத்தி மாதிரி இருக்குமே, சிஆர்2032, அதை வாங்கின அன்றே மாற்றிவிடுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும், துணைமின்நிலையத்துக்குள் போன ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர்கூடச் சொன்னாரே. அன்று நான் மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டில். பின்னேரம் கரண்ட் வந்துவிட்டது, வீட்டில் சர்வர் மட்டும் வரவில்லை. கரண்ட் வந்ததும் தானாகவே எழும்பும்படி பயாஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடுகிற அமைப்பில்) வைத்திருந்தேன்தான், ஆனால் அந்தப் பற்றரி செத்துக் கிடந்ததால் கரண்ட் போன நேரம் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, திகதியையும் மறந்து, "எஃப்1ஐ அழுத்தவும்" என்று திரையே இல்லாத பெட்டியில் யாரையோ கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. போனில் அம்மாவைக் கூப்பிட்டு, டிவிக்குப் பின்னால் இருக்கிற கறுப்புப் பெட்டியில் கீபோட்டைச் செருகி மேல் வரிசையில் இரண்டாவது கட்டையை அமத்துங்கோ அம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் சோறு ஆறிவிட்டது.

கேள்வி (தம்பலகாமம், உயர்தர மாணவர்): அண்ணா, டெபியன் போட்ட கணினியில் யுஎஸ்பி வைஃபை டொங்கிள் வேலை செய்யவில்லை. இணையத்தில் பார்த்துத்தான் வாங்கினேன், இதே மொடல் லினக்ஸில் ஓடும் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லைத் தம்பி, கடைக்காரரை விடு. மொடல் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே சில்லு வேறாக இருக்கும். பேர்போன உதாரணம் ஒன்று சொல்கிறேன். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்று ஒரு டொங்கிள். முதல் பதிப்பில் அதிரோஸ் ஏஆர்9271 சில்லு, லினக்ஸில் செருகினால் அப்படியே ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188 வகைச் சில்லைப் போட்டார்கள். பெயர் அதே, உருவமும் ஏறக்குறைய அதே, ஒட்டியிருக்கும் தாளில் மட்டும் பொடி எழுத்தில் பதிப்பு எண். நீ வாசித்த ஆட்கள் முதல் பதிப்பை வைத்து எழுதியிருப்பார்கள், உன் கையில் வந்தது இரண்டோ மூன்றோவாக இருக்கும்.

எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்துப் பார். டொங்கிளுக்கு நேரே நாலு எழுத்து, முக்காற்புள்ளி, இன்னும் நாலு எழுத்து என்று ஒரு அடையாளம் வரும். முதல் நாலு தயாரிப்பாளர், அடுத்த நாலு பொருள். இனி இணையத்தில் தேடும்போது மொடல் பெயரைப் போடாதே, அந்த எட்டு எழுத்தைப் போடு, சரியான பதில் வரும். சில நேரம் டிரைவர் இருக்கும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபேர்ம்வேர் கோப்பு மட்டும் இருக்காது. டெபியன் 12க்கு முந்தின பதிப்பு என்றால் அதற்குச் சாத்தியம் அதிகம், அந்தக் கோப்புகளை நிறுவல் டிஸ்க்கிலேயே சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது 2023இல் வந்த 12இலிருந்துதான். ஆனால் சர்வர் வைக்கத்தான் இந்தப் பாடு என்றால் டொங்கிளைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு கேபிள் இழு. சர்வருக்கு வைஃபை தேவையே இல்லை.

கேள்வி (கிண்ணியா, ஆசிரியை): சேர், புதுச் சாமானாக வாங்கினால் பிரச்சினை வராதுதானே? தம்பி கட்டாரிலிருந்து வரும்போது என்100 சிபியு உள்ள மினி பிசி ஒன்று கொண்டு வாறானாம். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய லப்டொப்பும் ஒன்று இருக்கிறது.

பதில்: ரீச்சர், லினக்ஸில் இது தலைகீழ். அன்று காலையில் சந்தைக்கு வந்த சில்லுக்கு டிரைவர் எழுதி, அது கேர்னலில் ஏறி, அந்தக் கேர்னல் உங்கள் டிஸ்ட்ரோவுக்கு (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைக்கு) வந்து சேர மாதங்கள், சில நேரம் ஒரு வருஷம் ஆகும். டெபியன் 12 தன் காலம் முழுக்கக் கேர்னல் 6.1ஓடுதான் இருக்கும், 13 என்றால் 6.12. அந்தக் கேர்னல் வந்ததற்குப் பிறகு பிறந்த சில்லை அதற்குத் தெரியாது. நான் வைத்திருக்கிற அளவுகோல், போடப்போகும் லினக்ஸைவிட வன்பொருள் ஒரு வயசாவது மூத்ததாக இருக்க வேண்டும். என்100 வந்தது 2023 தொடக்கத்தில், டெபியன் 13 வந்தது 2025 ஓகஸ்ட்டில், ஆகப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை, தாராளமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாலு கோர், 6 வாட் வகை, ஃபேன் இல்லாமலும் கிடைக்கும். ஆனால் வைகாசி, ஆனி மாதக் கச்சான் காற்றில் நம் வீடுகள் கொதிப்பது உங்களுக்குத் தெரியும், ஃபேன் உள்ளதையே கேளுங்கள். தம்பி வாங்கு முன் நெட்வேர்க் சில்லு எது என்று கேட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. இவற்றில் பல 2.5 கிகாபிட் வேக நெட்வேர்க்கோடு வரும். ரியல்டெக் 8125 என்றால் கேர்னல் 5.4இலிருந்தே ஆதரவு இருக்கிறது. இன்டெல் ஐ225 என்றால் அதன் ஆரம்பத் தயாரிப்புகளில் இணைப்பு அறுந்து அறுந்து போகும் கோளாறு இருந்தது. அதற்குப் பதில் பின்னால் வந்த ஐ226ஐக் கேளுங்கள்.

பழைய லப்டொப்பும் மோசமில்லை. அதற்குள்ளேயே பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் சாகாது. மூடியை மூடினால் தூங்கிப் போகும், அதை மட்டும் அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும் (லாகின்டி என்ற கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' வரியை 'இக்னோர்' ஆக்குங்கள்). எந்த நேரமும் செருகியே இருந்தால் சூட்டுக்குப் பற்றரி ஊதும், மாதம் ஒரு தரம் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கம் உப்பலாகத் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மிகப் பழைய 32 பிட் லப்டொப் என்றால் விட்டுவிடுங்கள், டெபியன் 13இலிருந்து அதற்கு நிறுவியே கிடையாது.

கேள்வி (ஓர்ஸ் ஹில், ஓய்வுபெற்ற அரச ஊழியர்): இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கி ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே விழும்படி ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வைக்கப் போகிறேன். எந்த டிஸ்க்கும் லினக்ஸில் ஓடும்தானே?

பதில்: ஓடும் ஐயா, ஆனால் எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள். அதில் ஓலைக்கூரை மாதிரித் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கியிருக்கும், ஆகவே ஒரு இடத்தில் மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகப் படம் கொப்பி பண்ணி வைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடியில் ஒரு டிஸ்க் செத்து, புதியதை மாட்டி, மற்றதிலிருந்து 4 டிபியையும் ஒரே மூச்சில் எழுதும்போதுதான் சனியன் பிடிக்கும், நாள்கணக்கில் இழுக்கும், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பாவித்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறியவும் செய்யும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மொடல்கள் இந்த வகை என்று தெரியவந்து பெரிய சண்டையானது. அதற்குப் பிறகுதான் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையை ரெட் பிளஸ் என்று வேறாகப் பிரித்தார்கள். எனவே பெட்டியில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், பெட்டியில் இல்லாவிட்டால் மொடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடுங்கள்.

பாவித்த டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியால் பாருங்கள். 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு நேரே, வரியின் கடைசியில், பூச்சியம் இருக்க வேண்டும், டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு அவை. 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, கேபிள்தான் பிழை, இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமானை மாற்றாமல் டிஸ்க்கை மாற்றினவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்புறம் ஐயா, கண்ணாடி வைத்தாலும் பிரதி ஒன்று வேறாக வேண்டும். பேரப்பிள்ளை தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கிக் கொப்பி எடுத்து மகள் வீட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி (மூதூர்): ராஸ்பெரி பை 5 எப்படி?

பதில்: நல்லது, ஆனால் எஸ்டி கார்ட்டில் ஓட்டாதீர்கள், தொடர்ந்து எழுதினால் கார்ட் செத்துவிடும். 5 வோல்ட் 5 அம்பியர் தருகிற அதற்கே உரிய அடாப்டரை வாங்குங்கள், போன் சார்ஜர் சரிவராது. அடாப்டர், எஸ்எஸ்டி, அதை மாட்டும் பலகை, பெட்டி எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாவித்த டெஸ்க்டொப்பின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி (சீனக்குடா): சேர், 650 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கி சர்வருக்குப் போட்டேன். கரண்ட் போனால் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கிறது, பிறகு சர்வர் பொத்தென்று நிற்கிறது. தானாக ஒழுங்காக மூடச் செய்ய முடியாதா?

பதில்: யுபிஎஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், யுஎஸ்பி துளை இருக்கிறதா? இருந்தால் நட் (என்யுடி) என்ற மென்பொருளைப் போடுங்கள், பெயர் தெரியாத மலிவு யுபிஎஸ் பலவற்றையும் அது பேச வைக்கும். வாங்கு முன் அதன் பொருத்தப் பட்டியலில் மொடலைத் தேடியிருந்தால் இன்னும் நல்லது. சரி, வாங்கியாயிற்று.

துளை இல்லாவிட்டால் யுபிஎஸ்ஸிடம் கேட்க வழியில்லை, ஆனால் சுற்றி வளைத்துக் கேட்கலாம். வீட்டில் கிடக்கிற பழைய ரூட்டர் ஒன்றை யுபிஎஸ் இல்லாத வெறும் பிளக்கில் போட்டு, கேபிளால் நெட்வேர்க்கில் சேருங்கள். வீட்டின் ஓடுகிற ரூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சர்வர் நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பழைய ரூட்டரைப் பிங் பண்ணட்டும், அதாவது இருக்கிறாயா என்று கேட்கட்டும். ஐந்து நிமிஷம் பதில் இல்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தம், மூடு. நாலைந்து வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்து எழும்பினது. சர்வர் மூடிய பிறகும் யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, ஆகவே "கரண்ட் வந்ததும் எழும்பு" என்று பயாஸில் வைத்தது வேலை செய்யாது, பெட்டி தூங்கிக்கொண்டே இருக்கும். நட் பேசுகிற யுபிஎஸ் என்றால் சர்வரை மூடின பிறகு வெளியே போகும் கரண்ட்டையும் வெட்டச் சொல்லலாம். உங்களுடையதில் அது முடியாது. பயாஸில் 'வேக்' என்று தொடங்கும் இடத்தில் தினமும் காலை 6 மணிக்கு எழும்பும்படி நேரம் வைத்துவிடுங்கள் (லினக்ஸ் வழக்கமாகப் பயாஸ் கடிகாரத்தை நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கும் யுடிசி நேரத்தில் வைக்கும், ஆகவே அங்கே 00:30 என்று போடுங்கள்), ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது, நின்றிருந்தால் நீங்கள் பிளேன்ரீ குடிக்கிற நேரத்துக்கு வந்துவிடும். பட்டன் பற்றரியை மட்டும் மாற்றிவிட்டீர்களா பாருங்கள்.